ஸ்பாஞ்ச் வைத்தும் பாதி ஆடு சினை நிற்கவில்லை. கருக்குழாய் அடைப்பு என்கிறார்கள், உண்மையா?

பட்டிக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

40 செம்மறிப் பெட்டைகளுக்கு ஒரே நாளில் ஸ்பாஞ்ச் (எல்லாம் ஒன்றாகப் பருவத்துக்கு வருவதற்காகப் பிறப்புறுப்புக்குள் வைக்கும் ஹார்மோன் பஞ்சு) வைத்தோம். 14ஆம் நாள் எடுத்து, எடுக்கும்போதே சூலகத்தைத் தூண்டும் பி.எம்.எஸ்.ஜி. ஹார்மோன் ஊசியும் 400 யூனிட் போட்டோம். இரண்டு நாளுக்குள் 38 பெட்டைகள் பருவத்துக்கு வந்துவிட்டன. இரண்டு கிடாக்களை உள்ளே விட்டோம். கிடாக்களின் நெஞ்சில் சிவப்புச் சாயம் பூசியிருந்ததால் யார் யாரை ஏறியது என்று தெரியும். 38இன் முதுகிலும் சிவப்பு இருந்தது, நானே எண்ணினேன்.

இப்போது அதில் 17 மறுபடி பருவத்துக்கு வந்து நிற்கின்றன. ஊசி போட்டவரைக் கேட்டால், "ஹார்மோன் மருந்தால் கருக்குழாய் அடைத்திருக்கும், சில ஆட்டுக்கு அப்படித்தான்" என்கிறார். 17 ஆட்டுக்கும் ஒரே வாரத்தில் குழாய் அடைக்குமா? அடைத்தால் திறக்குமா? இல்லை, இவற்றையெல்லாம் கழித்துவிட வேண்டியதுதானா?

---

பழைய மேய்ப்பன்

தம்பி, அவசரப்பட்டு ஒன்றையும் கழிக்காதே. 38 பெட்டை, 2 கிடா, அதுவும் ஒரே ஒன்றரை நாளில்! இயல்பாகப் பருவத்துக்கு வரும் மந்தையில் 40 பெட்டைக்கு ஒரு கிடா போதும், ஏனென்றால் நாளைக்கு இரண்டு மூன்றுதான் வரும். எல்லாம் ஒரே நாளில் வந்தால் கணக்கே வேறு. 5 முதல் 10 பெட்டைக்கு ஒரு கிடாவாவது வேண்டும். முதுகில் சாயம் இருப்பதால் கிடா ஏறியது என்று தெரியும். முப்பதாவது தடவை ஏறியபோது அதனிடம் என்ன மிச்சம் இருந்தது என்று சாயம் சொல்லாது.

---

நுண்ணோக்கி

கிடா கணக்கில் பெரியவர் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "அடைப்பு" என்ற சொல்லை அப்படியே விட்டுவிட மனமில்லை. கருக்குழாய் குறிப்பிட்ட சில நாள்களுக்கு மூடியேதான் இருக்கும், அது நோயில்லை. மதகு மூடியிருக்கிறது என்பதற்காக வாய்க்கால் தூர்ந்துவிட்டது என்று சொல்வோமா?

செம்மறியின் கருக்குழாய் சுருண்டு நெளிந்த, ஒரு சாணுக்குக் கொஞ்சம் முன்பின்னான குழாய். சூலகத்தின் பக்கம் புனல் மாதிரி விரிந்திருக்கும். அடுத்து சுவர் மெலிந்த அகன்ற பகுதி, அதற்கடுத்து தசை கனத்த குறுகிய பகுதி, கடைசியாகக் கருப்பைக் கொம்போடு சேரும் இடம். இந்தச் சேருமிடம்தான் மதகு. திறப்பதும் மூடுவதும் பெரும்பாலும் இரண்டு ஹார்மோன்களின் கையில் இருக்கிறது.

பருவத்துக்கு வரும் நேரத்தில் சூலகத்தில் முட்டைப்பை வளர்ந்து ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் இருக்கும். உச்சம் என்றாலும் ரத்தத்தில் பிகோகிராம் கணக்குதான். ஆனால் கருக்குழாய்க்கும் சூலகத்துக்கும் ரத்த ஓட்டம் பின்னிக் கிடப்பதால், உடலின் மற்ற இடங்களைவிட இந்தக் குழாய்க்கு ஹார்மோன் தாராளமாகக் கிடைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஏறியதும் குழாயின் உள்சுவர்ச் செல்கள் உயர்ந்து நிற்கும், சுரக்கத் தொடங்கும், நீர் பெருகும். குறுகிய பகுதியின் சுவர் நீர்கோத்து வீங்கும், உள்ளே இருக்கும் வழி இன்னும் சுருங்கும், சேருமிடம் மடங்கிக்கொள்ளும். அதனால் பருவத்தின்போது சுரக்கும் நீரில் பெரும்பங்கு கருப்பைக்குள் இறங்காமல் புனல் வழியாக வயிற்றறைக்குள்தான் வழியும். அந்த நேரத்தில் குழாய்க்குள் சாயநீர் ஏற்றிப் பார்ப்பவர் "அடைப்பு" என்று எழுதிவிட்டுப் போகலாம்.

ஏன் இப்படி? முதல் காரணம் விந்தணுக்கள். கிடா ஒரு தடவையில் விடுவது சுமார் 1 மில்லி, அதில் நூறு கோடிக் கணக்கில் விந்தணு. குழாயை எட்டுவது ஆயிரக்கணக்கில்தான். எட்டியவையும் நேராக முட்டையைத் தேடி ஓடுவதில்லை. 1983இல் ஹண்டரும் நிக்கலும் செம்மறியில் செய்த ஆய்வு இதைத்தான் காட்டியது: முட்டை வெடிப்பதற்கு முன் வந்து சேரும் உயிருள்ள விந்தணுக்கள் குறுகிய பகுதியின் கடைசிச் சில சென்டிமீட்டரிலேயே நிறுத்தி வைக்கப்படுகின்றன. தலையால் சுவரைப் பற்றிக்கொண்டு, வாலை அதிகம் அடிக்காமல், பல மணி நேரம் அப்படியே காத்திருக்கும். பருவம் தொடங்கி ஏறக்குறைய ஒரு நாள் கழித்துத்தான் முட்டை வெடிக்கும். அதை ஒட்டித்தான் விந்தணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிடப்படும். மூட்டையை மொத்தமாக அவிழ்த்துக் கொட்டினால் ஒரே முட்டைக்குள் பல விந்தணு புகுந்துவிடும், அந்தக் கரு பிழைக்காது.

---

கால்நடை மாணவி

நுண்ணோக்கி அண்ணா சொல்லும் மதகை நான் கையாலேயே உணர்ந்திருக்கிறேன், தோல்வியாகத்தான்.

கரு கழுவியெடுக்கும் பயிற்சி. எனக்குக் கொடுத்தது பருவத்துக்கு வந்து மூன்றாம் நாள் ஆன ஒரு பெட்டையின் இனப்பெருக்க உறுப்பு. கருப்பைக் கொம்பின் நுனியிலிருந்து மழுங்கிய ஊசியைச் செலுத்திக் குழாய்க்குள் நீரை ஏற்ற வேண்டும், புனல் பக்கம் கண்ணாடித் தட்டில் பிடிக்க வேண்டும். அழுத்துகிறேன், நகரவில்லை. சேருமிடத்துக்குக் கீழே கொம்பு பலூன் மாதிரி உப்புகிறது, ஒரு சொட்டுகூட மேலே ஏறவில்லை. ஆசிரியர் வந்து பார்த்துச் சிரித்தார். "வாசல் பூட்டியிருக்கும்போது தள்ளாதே, மாடியிலிருந்து இறங்கு" என்று புனல் பக்கத்திலிருந்து மெல்லிய குழாயை விட்டார். கொஞ்சம் பொறுமையாகத் தள்ளியதும் இறங்கியது. தட்டில் இரண்டு கருக்கள். ஒன்றில் எட்டுச் செல்களை என்னால் எண்ண முடிந்தது. சுற்றிலும் தெளிவான கண்ணாடி வளையம், உள்ளே சோப்பு நுரைபோல ஒட்டிய உருண்டைகள்.

இரண்டு நாள் கழித்து ஐந்தாம் நாள் உறுப்பு ஒன்று வந்தது. நானும் புத்திசாலித்தனமாகப் புனல் வழியாகவே குழாயைக் கழுவினேன். நீர் தடையில்லாமல் ஓடியது, தட்டில் ஒன்றும் இல்லை. கருக்கள் அதற்குள் கருப்பைக்குப் போய்விட்டிருந்தன. கொம்பைக் கழுவியபோது கிடைத்தன.

---

நுண்ணோக்கி

இந்த இரண்டு தட்டும் போதும், பாதிப் பாடம் முடிந்துவிட்டது.

மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் நடுவில் நடப்பது புரோஜெஸ்டிரோன் ஏறுவது. முட்டை வெடித்த இடத்தில் உருவாகும் மஞ்சள் உடலம் முதல் இரண்டு மூன்று நாளில் அதிகம் சுரக்காது. பிறகு ஏறும். ஏற ஏற குறுகிய பகுதியின் வீக்கம் வடியும், தசை தளரும், மதகு திறக்கும். கரு 8 முதல் 16 செல்களாக இருக்கும்போது கருப்பைக்குள் இறங்கும். அதுவரை முட்டையின் கையிருப்பில் பிழைத்த கரு தன் சொந்த மரபணுக்களை முழுவீச்சில் இயக்கத் தொடங்குவதும் செம்மறியில் ஏறக்குறைய இதே கட்டத்தில்தான். மூன்று நாள் குழாயில் கிடப்பது வீண் தாமதம் இல்லை. அந்த மூன்று நாள் நீரும் சுரப்பும்தான் கருவின் முதல் தொட்டில். ஈஸ்ட்ரோஜனால் தூண்டப்பட்டுச் சுரக்கும் ஓவிடக்டின் என்ற புரதம் கருவைச் சுற்றிய கண்ணாடி வளையத்திலேயே போய் ஒட்டிக்கொள்கிறது.

---

பட்டிக்காரன்

புரிகிறது. முதலில் ஈஸ்ட்ரோஜன் மூடுகிறது, பிறகு புரோஜெஸ்டிரோன் திறக்கிறது. அப்படியானால் ஸ்பாஞ்சில் இருப்பதும் புரோஜெஸ்டிரோன் வகைதானே? அது இதைக் குழப்பாதா? ஊசி போட்டவர் சொன்னதில் கொஞ்சமாவது உண்மை இருக்கிறதோ என்று கேட்கிறேன்.

---

நுண்ணோக்கி

கொஞ்சம் இருக்கிறது, ஆனால் அவர் சொன்ன இடத்தில் இல்லை. ஸ்பாஞ்ச் எடுத்தபின் வரும் முதல் பருவத்தில் விந்தணுக்கள் கருப்பை வாயைக் கடந்து மேலே போவது குறைகிறது என்பது 1960களிலேயே தெரிந்த விஷயம். குவின்லிவன், ராபின்சன் போன்ற ஆய்வாளர்கள் உறுப்பைப் பிரித்து விந்தணுக்களை எண்ணியே பார்த்தார்கள். இயல்பான பருவத்தில் தேவைப்படுவதைவிட அதிக விந்தணு கீழே விழுந்தால்தான் மேலே போதுமான அளவு போய்ச் சேரும். உங்கள் மந்தையில் நடந்தது நேர் எதிர். அதிகம் தேவைப்பட்ட நாளில் கிடாக்கள் களைத்துப் போயிருந்தன. குழாய் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் அங்கே வந்து சேர ஆள் இல்லை.

அடுத்து வரும் இரண்டாம் பருவத்தில் ஸ்பாஞ்சின் பாதிப்பு இருக்காது. ஆகவே திரும்பி வந்த 17ஐயும் இப்போதே இணை சேருங்கள்.

உண்மையான அடைப்பு வேறு சங்கதி. குட்டி போட்டபின் கருப்பையில் சீழ் பிடித்து மேலே பரவியது, வயிற்றைத் திறந்து அறுவை செய்த இடம் ஒட்டிக்கொண்டது என்று ஒரு காரணம் இருக்கும். அது ஓர் ஆட்டுக்கு, இரண்டு ஆட்டுக்கு வரும். பதினேழுக்குச் சேர்ந்து வராது.

---

கொம்பன்

எல்லாம் சரி, எளிய வழி ஒன்று இருக்கிறதே. இணை சேர்த்த மறுநாளே ஒரு புரோஜெஸ்டிரோன் ஊசி. சினையைக் காப்பது அதுதானே? திறப்பதும் அதுதான் என்று நீங்களே சொல்கிறீர்கள். நான் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

---

நுண்ணோக்கி

"ஒன்றும் ஆகவில்லை" என்பதில்தான் எனக்குக் கவலை. கருவுக்கு ஒரு கடிகாரம், கருப்பைக்கு ஒரு கடிகாரம். கருப்பையின் கடிகாரத்தை ஓட்டுவது புரோஜெஸ்டிரோன். 1966இல் ரௌசனும் மூரும் கருவை ஒரு பெட்டையிலிருந்து எடுத்து இன்னொன்றுக்கு மாற்றிப் பார்த்தார்கள். கொடுத்த பெட்டையும் வாங்கிய பெட்டையும் பருவத்துக்கு வந்த நாள்களுக்கு நடுவே இரண்டு நாள் வரை வித்தியாசம் இருந்தால் தாங்கியது. அதற்கு மேல் போனதும் சினை விகிதம் சரிந்தது. மறுநாளே ஊசி போடுவது கருவை விட்டுவிட்டுக் கருப்பையின் முள்ளை மட்டும் முன்னால் திருப்புவது.

இன்னொரு விளைவும் உண்டு. முதல் மூன்று நாள் வெளியிலிருந்து புரோஜெஸ்டிரோன் கொடுத்த பெட்டைகளில் வயிற்றுக் குட்டி வழக்கத்தைவிடப் பெரிதாக வளர்ந்ததைச் செம்மறி ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். முதல் வாரத்தில் தொட்டது கடைசி மாதத்தில் தெரிகிறது. உங்கள் ஆட்டுக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம், ஆனால் எதற்காகப் போடுகிறோம் என்று தெரியாமல் போடுவானேன்?

---

கொம்பன்

சரி, மறுநாள் வேண்டாம். அதற்காகப் புரோஜெஸ்டிரோன் குறைந்து சினை கலைவதே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

---

பழைய மேய்ப்பன்

கலையும். ஊசிக்குப் போகும் முன் தீவனத் தொட்டியைப் பார். பட்டிக்காரா, கிடா விட்ட பிறகு தீவனம் கூட்டினாயா?

---

பட்டிக்காரன்

கூட்டினேன் ஐயா. முன்னால் மூன்று வாரம் கூட்டியிருந்தேன், பிறகு "சினை பிடிக்கிற நேரம், குறைக்காதே" என்று சொன்னதால் இன்னும் ஏற்றினேன். ஏறக்குறைய இரண்டு மடங்கு.

---

பழைய மேய்ப்பன்

அதுதான். முன்னால் கூட்டியது சரி, இரட்டைக்குட்டி விழ அது உதவும். பின்னால் அதே கையோடு ஏற்றக்கூடாது. நான் கண்ணால் பார்த்துக் கற்றது. காரணத்தை நுண்ணோக்கி சொல்லட்டும்.

---

நுண்ணோக்கி

காரணம் கல்லீரல். தீவனம் கூடினால் கல்லீரலுக்குப் போகும் ரத்தம் கூடும், அங்கே புரோஜெஸ்டிரோன் அழிவதும் கூடும். மஞ்சள் உடலம் எப்போதும் போலச் சுரந்தாலும் ரத்தத்தில் அளவு இறங்கிவிடும். 1980களில் பார் குழுவினர் இதைக் காட்டினார்கள். உடல் பராமரிப்புக்குத் தேவையானதைப்போல இரண்டு மடங்கு தின்ற பெட்டைகளில் சினை விகிதம் குறைந்தது, இணை சேர்ந்து இரண்டாம் வாரத்தில் புரோஜெஸ்டிரோன் ஈடுகட்டியபோது அந்தக் குறை மறைந்தது. கொம்பன் கவனிக்க: இரண்டாம் வாரம், மறுநாள் அல்ல.

வெயிலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கரு வெப்பத்தைக் கொஞ்சமும் தாங்காத நாள்கள் குழாயில் கிடக்கும் முதல் மூன்று நாள்கள்தான். இணை சேர்த்த வாரத்தில் நடுப்பகலில் மந்தையை நெடுந்தூரம் ஓட்டாதீர்கள்.

---

பசும்புல்

ஹார்மோன் என்றால் ஊசியும் ஸ்பாஞ்சும்தான் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். புல்லிலிருந்தே வரும் ஹார்மோனை மறந்துவிட்டீர்களே.

மேற்கு ஆஸ்திரேலியாவில் 1940களில் மந்தை மந்தையாகச் செம்மறிகள் சினை நிற்காமல் போயின. கிடாக்கள் நன்றாக இருந்தன, நோய்க்கிருமி எதுவும் கிடைக்கவில்லை. 1946இல் பென்னட்ஸ், அண்டர்வுட், ஷியர் மூவரும் காரணத்தை எழுதினார்கள்: மேய்ச்சலுக்கு விதைத்த நிலத்தடி குளோவர். அந்தச் செடியில் இருக்கும் பார்மோனோனெட்டின் என்ற பொருளை ஆட்டின் முதல் இரைப்பை ஈக்குவால் என்ற ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருளாக மாற்றிவிடுகிறது. கொஞ்ச நாள் தின்றால் தற்காலிக மலட்டுத்தன்மை, மேய்ச்சலை மாற்றினால் போய்விடும். ஆண்டுக்கணக்கில் தின்றால் கருப்பை வாயின் திசுவே மாறிப்போகும், சளி நீர்த்துவிடும், விந்தணுக்களை அங்கே தேக்கி வைக்க முடியாது. பிறகு எந்த மேய்ச்சலுக்கு மாற்றினாலும் திரும்பாது. அந்த ஆடுகளுக்குப் பருவம் வரும், கிடா ஏறும், சாயம் விழும். குட்டி மட்டும் இருக்காது.

---

கால்நடை மாணவி

கொஞ்சம் திசை மாறுகிறேன், மன்னிக்கவும். செம்மறிக் கருக்குழாயைப் பற்றி எனக்குப் பிடித்த செய்தி ஒன்று. 1972இல் டெர்விட், விட்டிங்கம், ரௌசன் மூவரும் செம்மறிக் கருக்குழாய் நீரின் வேதிக் கணக்கைப் பார்த்து அதே மாதிரி ஒரு செயற்கை நீரைத் தயாரித்தார்கள். எஸ்.ஓ.எஃப். என்று ஆய்வகங்களில் சொல்வது அதைத்தான். இன்றும் மாட்டுக் கருவைக்கூட அதன் மாற்று வடிவங்களில்தான் வளர்க்கிறார்கள்.

குளோனிங் முறையில் உருவான செம்மறி டாலியும் தன் முதல் நாள்களைக் கழித்தது ஒரு பெட்டையின் கருக்குழாயில்தான்! மடிச்செல்லிலிருந்து உருவாக்கிய 277 கருக்களை, கட்டிவைத்த கருக்குழாய்க்குள் தற்காலிகமாக வைத்தார்கள். 247 திரும்பக் கிடைத்தன. அதில் 29 மட்டும் அடுத்த கட்டத்துக்கு வளர்ந்திருந்தன. அவற்றை 13 பெட்டைகளுக்கு மாற்றியதில் பிறந்தது ஒன்று. எல்லோரும் ஆய்வகத்தைப் புகழ்கிறார்கள், வாடகை இன்குபேட்டராக இருந்த அந்தப் பெட்டைகளை யாரும் பேசுவதில்லை.

---

நெறியாளர்

டாலிக்குத் தனி இழை இருக்கிறது, மேற்கொண்டு அங்கே பேசலாம். இங்கே கேள்வி கேட்டவருக்கு முதலில் விடை கிடைக்கட்டும்.

---

நுண்ணோக்கி

நெறியாளருக்குக் கட்டுப்பட்டு ஒரு கேள்வி. பட்டிக்காரன், அந்த 17உம் முதல் பருவத்திலிருந்து எத்தனையாவது நாளில் திரும்பின? நாள் தெரிந்தால் எங்கே தவறியது என்று ஓரளவு சொல்லலாம்.

செம்மறியின் சுழற்சி 17 நாள். கரு கருப்பையில் இறங்கி, வளையத்தை உடைத்து வெளியே வந்து, நூல்போல நீளத் தொடங்கும்போது இன்டர்பெரான் டாவ் என்ற புரதத்தைச் சுரக்கும். "நான் இருக்கிறேன்" என்று தாய்க்குச் சொல்லும் முதல் செய்தி அது. செய்தி கிடைத்தால் கருப்பை மஞ்சள் உடலத்தை அழிக்கும் புரோஸ்டாகிளாண்டினை அலையலையாக விடாது. கருவை 12ஆம் நாளுக்குள் எடுத்துவிட்டால் ஆடு வழக்கமான நாளில் பருவத்துக்குத் திரும்பிவிடும், 13ஆம் நாளோ அதற்குப் பிறகோ எடுத்தால் தாமதமாகத் திரும்பும் என்று மூரும் ரௌசனும் அப்போதே கண்டுபிடித்தார்கள்.

ஆகவே 16 முதல் 18 நாளில் திரும்பியிருந்தால் முட்டை கருவுறவே இல்லை, அல்லது கரு 12 நாளைக் கடக்கவில்லை. 23, 25, 28 என்று தள்ளிப் போயிருந்தால் கரு இருந்தது, செய்தியும் சொன்னது, பிறகு இறந்தது. முதல் வகையில் கிடாவைச் சந்தேகப்படுங்கள், இரண்டாம் வகையில் தீவனத்தையும் வெயிலையும். கோடு போட்ட மாதிரிப் பிரியாது, முதல் வாரத்திலேயே இறந்த கருவும் 17ஆம் நாளில்தான் கணக்கு காட்டும்.

---

பட்டிக்காரன்

குறிப்பேட்டைப் பார்த்தேன். 17இல் 16 பெட்டைகள் 16, 17, 18ஆம் நாள்களில். ஒன்று மட்டும் 20ஆம் நாள். நேற்று இன்னும் மூன்று திரும்பியிருக்கின்றன, அவை 26ஆம் நாள்.

முதலில் திரும்பிய 17ஐயும் அப்போதே நீங்கள் சொன்னபடி மறு இணை சேர்த்துவிட்டேன். இந்த முறை பக்கத்துப் பட்டியிலிருந்து இரண்டு கிடா கடன் வாங்கி மொத்தம் நான்கு, பாதி நாள் இரண்டு, பாதி நாள் இரண்டு. தீவனத்தைப் பழைய அளவுக்கு இறக்கிவிட்டேன்.

---

பழைய மேய்ப்பன்

சாயத்தின் நிறத்தை மாற்றினாயா? சிவப்பு மேல் சிவப்பு பூசினால் உனக்கே தெரியாது.

---

பட்டிக்காரன்

மறு இணைக்கு நீலம் பூசினேன் ஐயா. அதற்கடுத்து மஞ்சள்.

---

பட்டிக்காரன் (இரண்டு வாரம் கழித்து)

இன்று மறு இணை சேர்த்து 20ஆம் நாள். 17இல் இரண்டின் முதுகில் மட்டும் மஞ்சள். மற்ற 15உம் நீலத்தோடு நிற்கின்றன. ஸ்கேன் 40ஆம் நாளுக்கு மேல் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

மஞ்சள் விழுந்த இரண்டில் ஒன்று இதுவரை குட்டி ஈனாத கன்னி ஆடு. இன்னொன்று போன முறை குட்டி ஈன்றபோது நஞ்சுக்கொடி விழாமல் பத்து நாள் நாற்றத்தோடு கிடந்தது.

---

நுண்ணோக்கி

கன்னி ஆட்டுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள். அந்த இரண்டாவது ஆட்டைப் பற்றி வேண்டுமானால் அடைப்பு என்று பேசலாம்.